சரிவில் சாய்ந்து நிற்கும் பலா: ஒரே வெட்டில் இறக்கலாமா?

வாசுகி, வெள்ளவத்தை:

வணக்கம். அவிசாவளைப் பக்கம் எங்களுக்கு 38 பேர்ச் காணி இருக்கிறது. அப்பா வாங்கியது. அவர் இருந்தவரை சனிக்கிழமைகளில் களனிவெளி ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது நான்தான் போகிறேன்.

மேலே ரோட்டு, கீழே பள்ளம். நடுவில் ஒரு பலா. உயரம் 60 அடி இருக்கும். நெஞ்சளவில் நூல் சுற்றிப் பார்த்தேன், சுற்றளவு ஏறக்குறைய 8 அடி. பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. போன மழைக்குப் பிறகு அடியில் தட்டு மாதிரி காளான் முளைத்திருக்கிறது. தட்டினால் ஒரு பக்கம் பொந்துச் சத்தம் கேட்கிறது.

மரத்திலிருந்து 50 அடி கீழே ஒரு வீடு. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவில் காற்றடித்தால் எனக்கு இங்கே வெள்ளவத்தையில் தூக்கம் வருவதில்லை.

ஊரில் ஒரு மரம் வெட்டுகிற பாஸ் வந்து பார்த்தார். கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றார். கயிறு கட்டி நாலு பேர் இழுத்தால் வீட்டுக்குப் பக்கவாட்டில் விழுத்திவிடலாம், ஒரு காலை வேலைதான் என்கிறார். நம்பலாமா?

தோட்டத்துக்காரன்:

தங்கச்சி, வேண்டாம். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 20 வருடம் மரம் வெட்டியவன் சொல்கிறேன்.

மரத்தை ஒரு பக்கம் திருப்புவது கயிறு இல்லை. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் எடுப்போம், அதாவது ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுப்போம், குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழம். அப்புறம் பின்னாலிருந்து வெட்டி வரும்போது நடுவில் ஒரு கீற்று மரத்தை வெட்டாமல் விடுவோம். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு திசை காட்டும். உங்கள் மரம் இரண்டரை அடிக் குறுக்களவு, அந்தக் கீற்று மூன்று அங்குலத் தடிப்பு வர வேண்டும். அடி பொந்தாக இருந்தால் அந்த மூன்று அங்குலத்தில் எவ்வளவு நல்ல மரம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பக்கம் பிய்ந்தால் மரம் தன் சாய்வுக்கே போகும். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் பிடித்தாலும் நிற்காது.

சாய்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்வெட்டு பாதி போகும்போதே தண்டு நெடுக்காகப் பிளந்து, வெட்டுகிறவரின் முகத்துக்கு எகிறும்.

சரிவில் விழுந்த பிறகும் மரம் அடங்காது. 1994இல் என் தம்பி துண்டு போட்ட கட்டைக்குக் கீழ்ப்பக்கம் நின்றான். கட்டை உருண்டு வந்து முழங்காலுக்குக் கீழே நசுக்கியது. இன்றைக்கும் படி ஏறக் கஷ்டப்படுகிறான். வெட்டுகிறவர் எப்போதும் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். பின்னால் சாய்வாக விலகி ஓட வழியை முதலே துப்புரவாக்கி வைக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள், உங்கள் கணக்கில் 120 அடிக்குள், வேறு யாரும் இருக்கக் கூடாது. பள்ளத்துப் பக்கம் அதற்கு அப்பாலும் ஆள் கூடாது. உங்கள் கீழ்வீடு 50 அடியில் அல்லவா இருக்கிறது.

ஒன்று யோசித்தீர்களா? அந்த பாஸுக்கு மரம்தான் கூலி. நீளக் கட்டையாகக் கிடைத்தால்தான் பலகைக்கு விலை. நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினால் அவருக்கு நட்டம். கூலியைக் காசாகப் பேசுங்கள்.

வாசுகி, வெள்ளவத்தை:

அண்ணா, அது எனக்குத் தோன்றவே இல்லை. துண்டு துண்டாக என்றால் ஆள் ஏற வேண்டுமே? பொந்து மரத்தில் ஏறுவது அவருக்கு ஆபத்து இல்லையா?

தோட்டத்துக்காரன்:

நல்ல கேள்வி. அடி உக்கியிருந்தால் அதில் ஆளைக் கட்டவே கூடாது. ரோட்டு மேலேதானே? கிரேன் லொறி அங்கே நின்று எட்டுமா என்று முதலில் அளந்து பாருங்கள். எட்டினால் கிளையைக் கிரேனில் பிடித்துக்கொண்டு வெட்டி, மேட்டுக்கே தூக்கிவிடலாம். செலவுதான். ஆனால் கீழ்வீட்டு ஓடு ஒன்றுகூட உடையாது.

அடிக்கட்டையை மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் வைத்துப் பிடுங்க விடாதீர்கள். வேர்தான் அந்தச் சரிவு மண்ணைப் பிடித்திருக்கிறது. தரையோடு வெட்டி விட்டுவிடுங்கள். வேர் உக்க முன் பக்கத்தில் புதுக் கன்றுகள் வையுங்கள்.

நுகேகொடை அக்கா:

பலா என்பதால் சொல்கிறேன். சொந்தக் காணியானாலும் நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலாவும் ஈரப்பலாவும் பெண் பனையும் வரும். கிராம சேவகரிடம் கடிதம் கொடுத்து, பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள். காளானையும் சாய்வையும் கீழ்வீட்டையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்துக் கொடுங்கள். லொறியில் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ரோட்டோரம் மின்கம்பி போனால் மின்சார சபைக்கும் முதலே சொல்லி, அன்றைக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். சித்திரை இடிமழைக்கு முன் முடித்தால் நல்லது.

வாசுகி, வெள்ளவத்தை:

இரண்டு பேருக்கும் நன்றி. பாஸிடம் கதைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்பட்டார், பரவாயில்லை. நேற்றுப் போய் நாடா பிடித்து அளந்தேன், ரோட்டு ஓரத்திலிருந்து மரம் 27 அடி. கிரேன்காரர் செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கிறார். கம்பி மற்றப் பக்கத்தால்தான் போகிறது, ஆனாலும் மின்சார சபைக்கு எழுதுகிறேன்.

கீழ்வீட்டு அக்காவிடமும் பேசினேன். வெட்டுகிற நாளில் பிள்ளைகளை இங்கே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம்.