சூரியன் கொழும்புக்கு உச்சம் கொடுக்கிற நாளை மக்களுக்கு எப்படிக் காட்டலாம்?

நிழற்கோல்:
வணக்கம். பௌதிகவியல் துறையிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து, வருகிற ஏப்ரலில் காலிமுகத்திடலில் மக்களுக்கு ஒரு செய்துகாட்டல் வைக்க இருக்கிறோம். "சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது", அதாவது நடுப்பகலில் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது என்ற வரி ஒவ்வொரு வருடமும் வானிலை அறிக்கையில் வருகிறது. அதைக் கண்ணால் காட்டவேண்டும் என்பதுதான் ஆசை. ஒரு மீற்றர் கம்பு நட்டு நிழல் மறைவதைக் காட்டினால் போதுமா? எத்தனை மணிக்கு ஆட்களைக் கூப்பிடலாம்? யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையும் சேரக் கேட்கிறது. அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

தூக்குக்குண்டு:
கம்பு மட்டும் வைத்தால் கூட்டம் ஏமாந்துவிடும். அந்த நேரத்தில் சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஒரு மீற்றர் கம்பின் நிழல் நுனி நிமிடத்துக்கு 4 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். "இதோ" என்று சொல்லி முன்வரிசை விலகி, பின்வரிசை எட்டிப் பார்ப்பதற்குள் நிழல் மறுபக்கம் வந்துவிடும்.

அதனால் ஒரு மீற்றர் நீளமான, உள்விட்டம் 50 மி.மீ. உள்ள பிவிசி குழாயை நிமிர்த்தி நிறுத்துங்கள். அடியில் வெள்ளைத்தாள் வைத்து, ஆட்களுக்குத் தெரியும்படி குழாயை மூன்று கட்டைகளில் 5 செ.மீ. உயர்த்துங்கள். உச்சத்துக்கு ஏறக்குறைய 11 நிமிடம் முன்பு தாளின் மேற்கு ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். அது கண் வடிவில் அகன்று, உச்சத்தில் முழு வட்டமாகும். பிறகு கிழக்கு ஓரமாகச் சுருங்கி, இன்னொரு 11 நிமிடத்தில் இல்லாமல் போகும். இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க ஏதாவது இருக்கும், ஆட்களும் மாறி மாறி வந்து பார்க்கலாம்.

கொழும்புக்கு ஏப்ரல் 7 அளவில், பகல் 12.13. சரியாகப் பன்னிரண்டு அல்ல. எங்கள் மணிக்கூடு 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டின்படி ஓடுகிறது, அந்தக் கோடோ தீவுக்குக் கிழக்கே கடலில் இருக்கிறது. கொழும்பு 79.86இல் இருப்பதால் ஏறத்தாழ பத்தரை நிமிடம் பின்தங்கும். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியனே இரண்டு நிமிடம் பிந்தி வருவது மிச்சக் கணக்கு. ஆட்களை 11.50க்கு வரச் சொல்லுங்கள்.

குழாய் செங்குத்தாக நிற்காவிட்டால் எல்லாம் பிழைக்கும். கிழக்கு மேற்காக ஒரு பாகை சாய்ந்தால் நேரம் நான்கு நிமிடம் தவறும். வடக்கு தெற்காக அதே ஒரு பாகை சாய்ந்தால் இரண்டரை நாள் தவறியதற்குச் சமன், முழு வட்டம் வராது. மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, வடக்கிலிருந்து ஒருமுறையும் மேற்கிலிருந்து ஒருமுறையும் நூலோடு குழாயின் ஓரத்தை ஒத்துப் பாருங்கள். திடலில் கடற்காற்றுக்குக் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வாளித் தண்ணீருக்குள் அதை அமிழ்த்திவிட்டால் அடங்கும்.

குழாயைக் கட்டாயம் சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கையில் கிடைத்தால் ஏதாவது ஒரு பிள்ளை அதைத் தூக்கி வானத்தைப் பார்க்கும். கறுப்புக் கண்ணாடியோ பழைய எக்ஸ்ரே படமோ சூரியனிலிருந்து கண்ணைக் காக்காது. "மேலே பார்க்கவேண்டாம், தாளைப் பாருங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
கருவியைவிடப் பேச்சுத்தான் பலருக்குச் சறுக்கும். தினமும் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது என்று நம்புகிறவர்களிடம் "இன்று நேரே நிற்கிறது" என்றால் அதில் செய்தியே இல்லை. முதலில் கேள்வி கேளுங்கள்: ஜூன் மாதம் நடுப்பகலில் உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழும்? பெரும்பாலும் வடக்கு என்பார்கள், அல்லது நிழலே இல்லை என்பார்கள். ஜூன் 21இல் கொழும்பில் ஒரு மீற்றர் கம்பின் நிழல் தெற்கே 30 செ.மீ. விழும். டிசம்பர் 21இல் வடக்கே 59 செ.மீ. அந்த இரண்டு நீளத்துக்கும் சோக்கால் நிலத்தில் கோடு கீறி வைத்தால், நிழல் பக்கம் மாறுகிற நாள்தான் இன்று என்பதை நீங்கள் சொல்லாமலே அவர்கள் சொல்வார்கள். விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள். இளம் ஆய்வாளர்கள் அடிக்கடி விடும் பிழை அது.

இன்னொன்று சொற்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அகலக்கோடு, நெடுங்கோடு பழக்கம். இந்தியத் தமிழ் தொலைக்காட்சி பார்க்கிற பெரியவர்களுக்கு அட்சரேகை என்றால் பிடிபடும். பலகையில் இரண்டையும் எழுதுங்கள். வெயில் பற்றியும் யோசியுங்கள். திடலில் ஒதுங்க மரநிழல் இல்லை. கூடாரமும் தண்ணீரும் இல்லாமல் முதியவர்களை அரைமணி நேரம் நிற்கவைப்பது சரியில்லை.

பாகைமானி:
யாழ்ப்பாணப் பாடசாலைக்குப் பூமியின் சுற்றளவை அளக்கக் கொடுங்கள். பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்த அதே கணக்குத்தான். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பது பெரிய வசதி. கொழும்பில் நிழல் இல்லாத அன்று யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றருக்கு 4.8 செ.மீ. நிழல் வடக்கே விழும். அதாவது 2.73 பாகை. பூமியின் வளைவில் இரண்டு ஊருக்கும் இடையிலான கோணமும் அதுதான். நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 303 கி.மீ. 360ஐ 2.73ஆல் வகுத்து 303ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ.க்கு மிகக் கிட்ட வரும்.

பிழை வருகிற இடம் நிழல் நுனி. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான வட்டம். ஒரு மீற்றர் உயரத்துக்கு நிழல் ஓரம் 9 மி.மீ. மங்கும். ஒரு மி.மீ. பிழைத்தாலே விடை 800 கி.மீ.க்கு மேல் மாறும். கம்புக்குப் பதிலாக 3 மி.மீ. துளையிட்ட அட்டையை இரண்டு மீற்றர் உயரத்தில் கிடையாகப் பொருத்தச் சொல்லுங்கள். துளையின் நேர்கீழ்ப் புள்ளியைத் தூக்குக்குண்டால் குறித்துவிட்டு, நிலத்தில் விழுகிற ஒளிவட்டத்தின் நடுவை 12.05 முதல் 12.20 வரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கட்டும். புள்ளிகளை இணைத்த கோட்டுக்கும் நேர்கீழ்ப் புள்ளிக்கும் உள்ள மிகக் குறைந்த தூரம்தான் வேண்டியது. மணிக்கூட்டை நம்பத் தேவையில்லை.

தூரத்தை வரைபட அளவுத்திட்டத்தில் அளக்கட்டும். வீதி வழித் தூரத்தைப் போட்டால் பூமி மிகவும் பெருத்துவிடும். பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கவும் வேண்டாம். அந்த 111 ஏற்கெனவே சுற்றளவிலிருந்து வந்த எண்.

நிழற்கோல்:
மிக்க நன்றி. குழாயை நாளைக்கே வாங்கிப் பார்க்கிறோம். அன்று முகில் மூடினால்?

தூக்குக்குண்டு:
அடுத்த நாள் வையுங்கள். ஒரு நாளைக்கு 0.4 பாகைக்குள்தான் மாற்றம். குழாயில் வட்டத்தின் ஓரம் 6, 7 மி.மீ. குறையும், பார்ப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. அளவெடுப்பவர்களுக்குத் தெரியும், ஆனால் இரண்டு ஊரும் ஒரே நாளில் அளந்து வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் அதுவும் சரியாகும். ஏப்ரலில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான். அதுவும் தவறினால் செப்டம்பர் 5 அளவில் சூரியன் திரும்பி வரும், அப்போது 12.09.