வரைந்தது ஒன்று, கேமில் வந்தது ஒன்று: உங்கள் அனுபவம் என்ன?

முத்தியால்பேட்டை:

ஒரு கேமுக்காக முதலில் வரையும் கான்செப்ட் ஆர்ட்டையும், கடைசியில் திரையில் வந்து நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நொந்தவர்களும் அசந்தவர்களும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

புதுச்சேரியில் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் பின்னணி வரைகிறேன். வெளியூர் கம்பெனி ஒன்று மொபைல் கேமுக்குப் பழைய பிரெஞ்சுத் தெரு வேண்டும் என்று கேட்டது. அதற்கு நான் இணையத்தில் தேடவா வேண்டும்? வெயில் ஏறுவதற்குள் துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று சுற்றி ஸ்கெட்ச் போட்டேன். கடுகு மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதிலைத் தாண்டித் தொங்கும் காகிதப்பூ, அந்தப் பூவின் நிழல் சுவரில் விழுந்து கிடப்பது. படத்துக்கு உயிரே அந்த நிழல்தான். எல்லோருக்கும் பிடித்தது, ஓகே ஆனது.

கேமில் முதலில் தெரு அகலமாகிவிட்டது. கேமரா ஹீரோவின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் மேலே நின்றுகொண்டு கூடவே வரும். தெருவை நிஜ அளவில் கட்டினால் அவன் திரும்பும்போதெல்லாம் கேமரா சுவரில் முட்டும். அதனால் கதவு, ஜன்னல், திண்ணை எல்லாமே ஊதிப்போயின. அப்புறம் காகிதப்பூ. கொத்துக் கொத்தாகத் தெரியும் பூவெல்லாம் உண்மையில் பாதி ஒளி ஊடுருவும் தட்டையான அட்டைகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போன் திரையின் ஒரே புள்ளியை (பிக்சல்) திரும்பத் திரும்ப வரைந்து திணறும், விலை குறைந்த போன் சூடாகிவிடும். பூ குறைந்தது. நிழலைச் சுவரோடு சேர்த்தே பூசிவிட்டார்கள், காற்றடித்தாலும் அசையாது.

எனக்கு வலித்தது மஞ்சளில்தான். ஆட்டக்காரர் பொறுக்க வேண்டிய காசும் மஞ்சள். மஞ்சள் சுவருக்கு முன்னால் மஞ்சள் காசு எப்படித் தெரியும்? காசை மாற்ற மாட்டார்கள், காசு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டுமாம். சுவர் வெளிர் நீலமாகிவிட்டது. புதுச்சேரிக்காரர் யார் பார்த்தாலும் இது எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். ஆனால் விளையாட நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சக்குப்பம்:

நான் வரைகிறவன் இல்லை, விளையாடுகிறவன். கடலூரில் பிரவுசிங் சென்டர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ரெசிடென்ட் ஈவில் 4 என்ற திகில் கேமை விளையாடி முடித்துவிட்டு, அதன் பழைய டிரெய்லர் ஒன்றைப் பார்த்தேன். 2003-ல் காட்டியது. அதில் கிராமமே இல்லை. இருட்டு மாளிகை, தானாக நகரும் பொம்மைகள், கையில் கொக்கியோடு வரும் ஒரு உருவம். 2005-ல் வந்த கேமிலோ பட்டப்பகலில் ஊர்க்காரர்கள் கோடரியோடு துரத்துகிறார்கள். இரண்டுக்கும் பொது என்றால் ஹீரோ லியோன்தான்.

இதே கேமுக்காக அதற்கும் முன்னால் போட்ட இன்னொரு திட்டம் ரொம்ப விலகிப் போனதால், அதைத் தனியாகப் பிரித்து 2001-ல் டெவில் மே கிரை என்று வெளியிட்டார்கள். தூக்கிப் போட்டதே இன்னொரு கேம் ஆகிவிட்டது! எனக்கு இன்றைக்கும் அந்தக் கொக்கிக்காரன் மேல் ஒரு கண். வெளிவந்ததுதான் சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி, இருக்கட்டும்.

பாதிரிப்புலியூர் 3டி:

முத்தியால்பேட்டை சகோ, எதிர்க்கட்சி பேசுகிறேன். நீங்கள் வரைந்து அனுப்புவதை கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகக் கட்டுகிற ஆள் நான்.

படத்தில் எதையும் ஏமாற்றலாம். முன்பக்கப் படத்தில் கத்தி உறை இடுப்பின் இடப்புறம், முக்கால் பக்கப் படத்தில் வலப்புறம். எதைக் கட்டுவது? ஒரு தடவை கோயில் கோபுரம் ஒன்று வந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம், மேலே போகப் போக மேகத்துக்குள் மறைகிறது, பார்க்கப் பிரமாதம். கட்டிப் பார்த்தால் அந்தச் சரிவில் மேல் நிலைக்கு இடமே இல்லை. எங்கள் பாடலீசுவரர் கோயில் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறவனிடம் இந்தக் கணக்கு நடக்குமா! சுதைச் சிற்பம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள். நாங்கள் சில பொம்மைகளை மட்டும் செய்து, திருப்பி வைத்து, நிறம் மாற்றி கோபுரம் முழுக்க நிரப்பினோம். யாருக்கும் தெரியவில்லை.

தடையே உருவத்தைத் தீர்மானிப்பதும் உண்டு. 1981-ல் டாங்கி காங் கேமில் மரியோவுக்குத் தொப்பி வந்தது, தலைமுடியை அவ்வளவு குறைந்த பிக்சலில் வரைந்து அசைக்க முடியாது என்பதால். வாயை வரைய இடமில்லாமல் மீசை வந்தது. அதை இன்றைக்கும் யாரும் எடுக்கவில்லை.

அரியாங்குப்பம் பென்சில்:

நான் ஓவியம் படிக்கிறேன் அண்ணா. எப்படியும் மாற்றிவிடுவார்கள் என்றால் அவ்வளவு மெனக்கெட்டு எதற்கு வரைய வேண்டும்?

முத்தியால்பேட்டை:

தம்பி, அந்தப் படம் ஆட்டக்காரருக்காக வரைவதில்லை, டீமுக்காக வரைவது. இது எப்படிப்பட்ட உலகம் என்று மாடல் செய்கிறவர், ஒளி அமைக்கிறவர், நிரல் எழுதுகிறவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டும். ஓகாமி என்ற கேமை நிஜம் மாதிரியான தோற்றத்தில்தான் தொடங்கினார்கள். அது ஓட வேண்டிய பிளேஸ்டேஷன் 2 கருவியால் அதை இழுக்க முடியவில்லை. ஜப்பானிய மைத்தூரிகை ஓவியப் பாணிக்கு மாறினார்கள். தூரிகையால் திரையிலேயே கோடு போட்டுச் சண்டை போடும் யோசனை அதிலிருந்து பிறந்தது. 2006-ல் கேம் வந்தபோது அதன் அடையாளமே அதுதான். டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற சண்டை கேமை 1999-ல் ராணுவ கேமாகக் காட்டினார்கள். 2007-ல் கார்ட்டூனாக வந்தது. 9 வகை வீரர்களில் தூரத்தில் ஓடுகிறவன் யார் என்பது நிழலுருவத்திலேயே தெரிந்துவிடும்.

மஞ்சக்குப்பம்:

டீமுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? என் கோபம் வேறு. கான்செப்ட் படத்தில் மழையும் நியான் வெளிச்சமும் போட்டால் நான் அதை ஓவியமாகப் பார்ப்பேன். அதையே 'கேம்ப்ளே', அதாவது நிஜமாக விளையாடும் காட்சி என்று டிரெய்லரில் ஓட்டினால் பொருளைப் பார்த்ததாக நினைப்பேன். வாட்ச் டாக்ஸ் கேமை 2012-ல் காட்டியதற்கும் 2014-ல் விற்றதற்கும் இருந்த வித்தியாசத்துக்கு உலகமே கத்தியது நியாயம்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பாதிரிப்புலியூர் 3டி:

அது நியாயமான கோபம். டிரெய்லர் பஞ்சாயத்துக்குத் தனி இழை வேண்டும்.

அரியாங்குப்பம் தம்பி, வேலைக்கு அனுப்பும் தொகுப்பில் அழகான படம் நாலைந்து போதும். ஒரு பாத்திரத்தை முன், பக்கம், பின் மூன்றிலும் ஒரே அளவில் வரைந்து சேர்த்துவிடு. முதுகுப் பக்கத்தை விட்டுவிடாதே. பெரும்பாலான சாகச கேம்களில் ஆட்டக்காரன் முழுநேரமும் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.