கனசதுரப் புதிர்: விதி போதுமா, மடித்துப் பழக வேண்டுமா?

பட்டர்வொர்த் வாத்தியார்: வேலைக்கான திறனறித் தேர்வில், ஆறு கட்டங்கள் கொண்ட விரிப்புப் படத்தைக் காட்டி, அதை மடித்தால் எந்தக் கனசதுரம் வரும் என்று கேட்பார்கள். அதற்குப் படிக்கும் பிள்ளைகளைக் காகிதம் வெட்டிக் கனசதுரம் மடிக்கச் சொல்கிறார்கள் சிலர். தேர்வு மேசையில் கத்தரிக்கோல் ஏது? விதியைப் பிடியுங்கள். விரிப்புப் படத்தில் ஒரே வரிசையில் ஒரு கட்டம் விட்டு அடுத்தது எதிர்முகம். எதிர்முகங்கள் இரண்டும் ஒரே பார்வையில் தெரியவே தெரியா. அப்படிக் காட்டும் விடைகளை உடனே அடித்துவிடலாம்.

செந்தூல்காரி: மிஞ்சுகிற விடைகளை என்ன செய்வீர்கள், ஐயா? மூன்று முகங்களும் சரியாகவே இருக்கும். சுற்றிவரும் வரிசை மட்டும் மாறியிருக்கும். என் தம்பி தடுக்கி விழுவது அங்கேதான்.

பட்டர்வொர்த் வாத்தியார்: அதற்கும் விதி உண்டம்மா. மூன்று கட்டங்கள் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். விரிப்பில் வலஞ்சுழியாக வட்டம், நட்சத்திரம், முக்கோணம் என்றால், படம் வெளியே தெரிய மடித்த பிறகும் அதே வரிசைதான். இடஞ்சுழியாக வந்தால் அது கண்ணாடிப் பிம்பம், தள்ளுங்கள்.

செந்தூல்காரி: மூன்றும் ஒட்டியிருந்தால் சரி. கனசதுரத்துக்கு 11 வகை விரிப்புகள் உண்டு. எந்த விரிப்பிலும் சில மூலைகள் வெட்டுப்பட்டு, சேர வேண்டிய கட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் கிடக்கும். எந்த ஓரம் எதோடு ஒட்டும் என்பது மடித்துப் பழகிய கைக்குத் தெரியும். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் விழிப்பான்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: நான் வாத்தியார் பக்கம். 1971இல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், இரண்டு உருவங்களுக்கு இடையே கோணம் கூடக் கூட, அவை ஒன்றுதானா என்று சொல்ல எடுத்த நேரமும் சீராகக் கூடியது. மனத்தில் சுழற்றுவது நேரத்தைத் தின்னும் வேலை. கடிகாரம் ஓடும்போது அதைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

செந்தூல்காரி: அதே துறையில் 2013இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், அண்ணா. இந்தத் திறன் பயிற்சியால் வளரும், பழகாத கேள்விகளுக்கும் கைகொடுக்கும் என்பது முடிவு. நேரத்தைத் தின்கிறது என்று பழகாமலே விட்டால் எப்போதுதான் வேகம் வரும்?

பட்டர்வொர்த் வாத்தியார்: ஆறு மாதம் இருந்தால் மடிக்கட்டும். தம்பிக்குத் தேர்வு எப்போது?

செந்தூல்காரி: அடுத்த வாரம்.

பட்டர்வொர்த் வாத்தியார்: பிறகென்ன!

செந்தூல்காரி: எதிர்முக விதியை இன்றே சொல்லிக்கொடுக்கிறேன், ஐயா. மிச்சத்துக்குக் காகிதம்தான். அட்டையை ஏற்கெனவே வெட்டியாயிற்று.