ஸ்டென்ட் வைத்துப் பத்து வாரம்: மீண்டும் ஷட்டில் ஆடலாமா?

கேள்வி (கோவை வாசகர், வயது 53)

வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாகத் தினமும் காலையில் இரட்டையர் ஷட்டில் ஆடி வந்தேன். பத்து வாரங்களுக்கு முன் ஆட்டத்தின் நடுவே தாடையும் இடது தோளும் இறுகி வலித்தன. வாயுத் தொல்லை என்று எண்ணி அரை மணி நேரத்தை வீணாக்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனேன். மாரடைப்பு என்று சொல்லி, அன்றே மணிக்கட்டு வழியாக ஒரு ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன், 50 சதவீதம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், டிகாக்ரலார், அவற்றோடு மெட்டோபிரோலால், கொழுப்பு மாத்திரை ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். தினமும் நாற்பது நிமிடம் வலியின்றி நடக்கிறேன்.

உச்ச நாடித்துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழித்தால் 167 வருகிறது. ஆனால் வேகமாக நடந்து மூச்சு வாங்கும்போதும் என் கைக்கடிகாரம் 95க்கு மேல் காட்டுவதில்லை. எதை நம்புவது? சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு போதாததுபோல் இருக்கிறது. உடன் ஆடுபவர்களோ, டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் 2021 ஜூனில் களத்தில் சரிந்து, 2022 பிப்ரவரியில் மீண்டும் ஆடியதைச் சொல்லி அழைக்கிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கிறது.

பதில் 1 (இதய மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட், சென்னை)

ஐயா, முதலில் அந்த மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். டிகாக்ரலார் சிலருக்கு இப்படி மூச்சுத்திணறலைத் தருவதுண்டு. இதயத்தின் பலவீனத்தாலும் வரலாம். எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதால், இரண்டு வாரம் காத்திராமல் நாளையே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரைகளை இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும்.

மெட்டோபிரோலால் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து. ஆகவே 167 என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கடிகாரம் 95 காட்டுவதால் உழைப்பு குறைவு என்றும் ஆகாது. நடக்கும்போது உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. இப்போதைக்கு அதுவே உங்கள் அளவுகோல். எங்கள் பிரிவில், உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று நோயாளியே எண்ணில் சொல்லும் 6 முதல் 20 வரையுள்ள சிரம அளவில் 11 முதல் 14 வரை வைத்துப் பயிற்சி தருகிறோம்.

ஷட்டிலில் எனக்குள்ள கவலை, அது திடீரென்று பாய்ந்து திடீரென்று நிற்கும் ஆட்டம் என்பதே. நடையில் சீராக ஏறும் உழைப்பு, ஒரு நீண்ட ரேலியில் சில நொடிகளில் உச்சத்துக்குப் போய்விடும். எனவே வழக்கமான மாத்திரைகளுடனேயே டிரெட்மில் பரிசோதனை செய்து, வலியோ, ஈசிஜி மாற்றமோ, துடிப்புத் தடுமாற்றமோ, ரத்த அழுத்தச் சரிவோ இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே களத்தில் இறங்குங்கள். பாதுகாப்பான நாடித்துடிப்பு எவ்வளவு என்பதையும் அந்தப் பரிசோதனையிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் புள்ளி எண்ணாமல் மெதுவாக அடித்துப் பழகுங்கள். முன்னால் பத்து பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்றுவது எவ்வளவு முக்கியமோ, ஆட்டம் முடிந்ததும் சட்டென்று உட்காராமல் நடந்து தணிவதும் அவ்வளவு முக்கியம். சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் இறங்கி, தலை சுற்றும்.

எரிக்சனுக்கு நேர்ந்தது இதயத்துடிப்பு நின்றுபோனது. துடிப்பைச் சரிசெய்யும் கருவி பொருத்தப்பட்டுத்தான் அவர் களம் திரும்பினார். அதை உங்கள் நிலையோடு ஒப்பிட வேண்டாம்.

பதில் 2 (பைபாஸ் செய்துகொண்டவர், தஞ்சாவூர்)

இதைப் படிக்கும் பைபாஸ் நோயாளிகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்செலும்பை வெட்டித் திறந்து அறுவை செய்வதால், நமக்கு இதயத்தோடு அந்த எலும்பும் ஆற வேண்டும். ஏழாவது வாரத்தில் உடம்பு நன்றாகிவிட்டது என்று நம்பி, நிறைந்த 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கினேன். நடு நெஞ்சில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பின் இருமும்போதெல்லாம் எலும்பு அசைவதை உணர்ந்தேன். எலும்பு இன்னும் கூடவில்லை என்று சொல்லி, கனம் தூக்குவதையும் சைக்கிளையும் மருத்துவர் மேலும் தள்ளிப்போட்டார். மூன்று மாதம் பொறுத்திருந்தால் அந்த வலியைத் தவிர்த்திருப்பேன்.

பதில் 3 (ஸ்டென்ட் வைத்தவரின் மனைவி, மதுரை)

அண்ணா, என் கணவர் மீண்டும் ஆடத் தொடங்கியபோது, உடன் ஆடும் மூவரிடமும் அவருடைய நிலையைச் சொல்லி, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பையின் எந்த அறையில் இருக்கிறது என்று காட்டினேன். வலி வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, உட்காரவைத்து அதைக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி நிற்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும் என்று அவர்கள் அறிவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பதால், ராக்கெட் தலையில் பட்டால்கூட மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தூங்காத இரவுக்கும் காய்ச்சலுக்கும் மறுநாள் ஆட்டம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். மூச்சு விஷயத்தைக் கேட்டதும் நாளையே நேரில் வரச் சொன்னார். எக்கோவை மறுபடி பார்த்த பிறகு டிரெட்மில் பரிசோதனைக்கு நாள் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை நடை மட்டும்தான் என்று நண்பர்களுக்கும் தெரிவித்துவிட்டேன்.