‘இஃப்’ பழமொழிகளை நடத்துவது எப்படி: டைப் 1, 2, 3 அட்டவணை போதுமா?

காவிரிக்கரை:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிபந்தனை வாக்கியங்களையும் ஆங்கிலப் பழமொழிகளையும் சேர்த்தே நடத்தலாம் என்று இருக்கிறேன். “இஃப் விஷஸ் வேர் ஹார்சஸ், பெக்கர்ஸ் வுட் ரைட்”, “ஸ்பேர் தி ராட் அண்ட் ஸ்பாயில் தி சைல்ட்”, “வென் தி கேட் இஸ் அவே, தி மைஸ் வில் ப்ளே” மாதிரி. முதலில் டைப் அட்டவணையை (நடக்கக்கூடியது டைப் 1, நடக்காத கற்பனை டைப் 2, கடந்த காலத்தில் நடக்காமல் போனது டைப் 3) போட்டுவிட்டு அதில் பழமொழிகளைப் பொருத்துவதா, இல்லை தமிழ்ப் பழமொழியோடு ஜோடி சேர்த்துச் சொல்வதா?

கரும்பலகை:
அட்டவணைதான் முதலில். காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. “மழை வந்தால் குடை எடுப்பேன்”, “எனக்குச் சிறகு முளைத்தால் பறப்பேன்”. முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது நடக்காது. இரண்டுக்கும் தமிழில் அதே ‘-ஆல்’ விகுதிதான். அதனால்தான் பிள்ளைகள் “இஃப் ஐ ஆம் எ பேர்ட், ஐ வில் ஃப்ளை” என்று எழுதுகிறார்கள். நடக்காததைச் சொல்ல ஆங்கிலம் வினையை ஒரு படி இறந்த காலத்துக்குத் தள்ளும், ‘வில்’ இருந்த இடத்தில் ‘வுட்’ வரும். இது பிடிபட்டால் குதிரைப் பழமொழி தானாகப் புரியும்: ஆசை குதிரை ஆகாது, பிச்சைக்காரர் சவாரி போகப் போவதும் இல்லை. “இஃப் யூ லை டவுன் வித் டாக்ஸ், யூ வில் கெட் அப் வித் ஃப்ளீஸ்” என்பதில் ‘லை’, ‘வில்’ இருப்பதால் அது நடக்கும் விஷயம். நாயோடு படுத்தால் தெள்ளுப்பூச்சியோடுதான் எழுந்திருக்க வேண்டும், அதாவது கெட்ட சகவாசத்தின் பலன் நம்மேல் ஒட்டும். ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ வருகிற டைப் 3இல் பழமொழி தேட வேண்டாம், அபூர்வம். நடந்து முடிந்த ஒரே ஒரு சம்பவத்தைப் பற்றிப் பழமொழி பேசுவதில்லை.

சொல்லேர்:
கரும்பலகை சார், அட்டவணை சரிதான். ஆனால் அதையே திறவுகோலாகக் கொடுத்தால் பிள்ளைகள் தவறான கதவைத் திறப்பார்கள். “இஃப் தி ஸ்கை ஃபால்ஸ், வி ஷல் கேட்ச் லார்க்ஸ்”. வானம் இடிந்து விழுந்தால் வானம்பாடிகளைப் பிடிக்கலாம். அந்தக் காலத்தில் வானம்பாடி உணவுப் பறவை. ‘ஃபால்ஸ்’, ‘ஷல்’ என்று அச்சு அசலாக டைப் 1 வடிவம். அட்டவணைப்படி ‘நடக்கக்கூடியது’. பொருளோ நேர் எதிர்: நடக்காததை நம்பித் திட்டம் போடாதே. ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹேவுட்டின் 1546ஆம் ஆண்டுப் பழமொழித் தொகுப்பில் இது ‘இஃப்’ கூட இல்லாமல் ‘வென்’ என்றே இருக்கிறது. வானம் விழாது என்பது கேட்பவருக்கே தெரியும் என்பதால் வினைவடிவம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. பலர் ‘வேர்’ என்பதைக் காட்டி, கற்பனை நிலைக்கு வரும் சிறப்பு வடிவம் என்று குதிரைப் பழமொழியை உதாரணம் தருகிறார்கள். ‘விஷஸ்’ பன்மை, பன்மைக்கு எப்படியும் ‘வேர்’தான். இறந்த காலம் மட்டுமே அங்கே வேலை செய்கிறது. சிறப்பு வடிவத்தைக் காட்ட “இஃப் ஐ வேர் யூ” போன்ற ஒருமை வாக்கியம் வேண்டும்.

மூன்றாவது, ‘இஃப்’ இல்லாத நிபந்தனைகள். “ஸ்பேர் தி ராட் அண்ட் ஸ்பாயில் தி சைல்ட்” என்பதைப் பிள்ளைகள் இரண்டு கட்டளையாக வாசிப்பார்கள்: பிரம்பை எடுக்காதே, பிள்ளையைக் கெடு! உள்ளே இருப்பது நிபந்தனை. முன்னால் ‘இஃப் யூ’ போடச் சொல்லுங்கள், ‘அண்ட்’ இருந்த இடத்தில் காற்புள்ளியும் ‘யூ வில்’லும். “இஃப் யூ ஸ்பேர் தி ராட், யூ வில் ஸ்பாயில் தி சைல்ட்”. கண்டிக்காமல் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும். “கிவ் ஹிம் ஆன் இன்ச் அண்ட் ஹி வில் டேக் எ மைல்” இதே அச்சு. பழைய வடிவில் மைல் கிடையாது, ‘எல்’ என்ற துணி அளவு, இங்கிலாந்தில் 45 அங்குலம். ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்தால் 45 அங்குலத்தையும் எடுத்துக்கொள்வான்.

கரும்பலகை:
நீங்கள் சொன்ன மாற்றமே பிள்ளையை டைப் 1க்குத்தானே கொண்டுவருகிறது? அட்டவணை தெரியாதவன் எதை எதாக மாற்றுவான்? அந்த மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஆபத்துதான். “ஹோப் ஃபார் தி பெஸ்ட் அண்ட் ப்ரிபேர் ஃபார் தி வொர்ஸ்ட்” உண்மையிலேயே இரண்டு அறிவுரை, நிபந்தனை இல்லை. இரண்டாவது பாதியை யாராவது அறிவுரையாகச் சொல்வார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளையைக் கெடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே அது விளைவு. மோசமானதற்குத் தயாராக இரு என்று சொல்வார்கள், ஆகவே கட்டளை.

ஏட்டுச்சுவடி:
அந்தக் கேள்வி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. “ஃபீட் எ கோல்ட், ஸ்டார்வ் எ ஃபீவர்” என்பதைப் பாருங்கள். சளிக்கு நன்றாகச் சாப்பிடு, காய்ச்சலுக்குப் பட்டினி கிட என்று இரண்டு அறிவுரை என்பது பொதுவான பொருள். சளியின்போது சாப்பிட்டால் பிறகு காய்ச்சல் வந்து பட்டினி கிடக்க நேரும் என்ற நிபந்தனைப் பொருளும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1852இலேயே, இந்தப் பழமொழியைத் தப்பாக எடுத்துக்கொண்டு தடுக்க வேண்டிய காய்ச்சலையே வரவழைக்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறார். வாக்கிய வடிவம் இரண்டுக்கும் இடம் தருகிறது. (மருத்துவ அறிவுரையாக வகுப்பில் சொல்லிவிடாதீர்கள், காய்ச்சல்காரருக்கு நீராகாரம் கட்டாயம்.)

‘அண்ட்’ பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பழைய ஆங்கிலப் பேச்சில் ‘அண்ட்’, ‘ஆன்’ இரண்டுமே ‘இஃப்’ என்ற பொருளில் வழங்கின. குதிரைப் பழமொழியின் பழைய ஸ்காட்லாந்து வடிவம் ‘அண்ட் விஷஸ்’ என்றே தொடங்கும். “இஃப் இஃப்ஸ் அண்ட் ஆண்ட்ஸ் வேர் பாட்ஸ் அண்ட் பேன்ஸ், தேர்’ட் பி நோ வொர்க் ஃபார் டிங்கர்ஸ் ஹேண்ட்ஸ்” என்ற குழந்தைப் பாட்டில் வரும் ‘ஆண்ட்ஸ்’ அதுதான். ‘வந்தால்’, ‘இருந்தால்’ எல்லாம் சட்டிபானை ஆகிவிட்டால் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவருக்கு வேலையே இருக்காது.

நெல்லைச்சீமை:
இவ்வளவு சுற்றுவானேன்? குதிரைப் பழமொழிக்கு “அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா”. பிரம்புக்கு “அடியாத மாடு படியாது”. பூனைக்கு “தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்”. அங்குலத்துக்கு “இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்”. ஒரே மூச்சில் நான்கும் மனதில் பதிந்துவிடும்.

சொல்லேர்:
கடைசி இரண்டும் கச்சிதம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் இடறும். அத்தை மீசையை ‘அது நடந்தால், இது நடந்தால்’ என்று அடுக்குபவரின் வாயை அடைக்கச் சொல்கிறோம். குதிரை ஏக்கத்தைப் பற்றியது, ஆசைப்பட்டால் மட்டும் கைக்கு வராது என்பது. அத்தைக்கு ஆங்கிலத்திலேயே ஜோடி உண்டு: அத்தை ஆணாக இருந்திருந்தால் மாமா ஆகியிருப்பாள் என்ற பொருளில். மாட்டுப் பழமொழி பணிய வைப்பதைச் சொல்கிறது, பிரம்புப் பழமொழி பிள்ளையின் குணம் கெடுவதைச் சொல்கிறது. தேர்வில் பொருள் எழுதச் சொன்னால் இந்த வித்தியாசத்தில்தான் மதிப்பெண் போகும்.

பூனைப் பழமொழியில் அட்டவணைக்காரர்கள் சறுக்கும் இடம் ‘வில்’. அது எதிர்காலம் இல்லை, இயல்பைச் சொல்லும் ‘வில்’. “பாய்ஸ் வில் பி பாய்ஸ்” என்பதில் இருக்கும் அதே ‘வில்’. பூனை இல்லாதபோதெல்லாம் எலி ஆடும், அதுதான் வழக்கம். நாளைக்கு ஆடப் போகிறது என்று எழுதினால் தப்பு.

கரும்பலகை:
பூனையில் ‘வென்’ இருக்கிறதே, அதை நான் டைப் 1இல் சேர்க்கவே மாட்டேன். எந்த அட்டவணையும் எல்லாவற்றையும் அடக்காது. எழுத்துத் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டிய பிள்ளைக்கு அதைவிட நம்பகமான கைத்தடி இல்லை, அவ்வளவுதான். “இஃப் இட் எய்ன்ட் ப்ரோக், டோன்ட் ஃபிக்ஸ் இட்” (கெடாததைப் பழுதுபார்க்காதே) வந்தால் மட்டும் ‘எய்ன்ட்’டை ‘இஸின்ட்’ ஆக்கித் திருத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பழமொழியின் வடிவமே அதுதான். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அரசில் பட்ஜெட் அலுவலகத் தலைவராக இருந்த பெர்ட் லான்ஸ் 1977இல் சொல்லிப் பரவியது. கெடாததைப் பழுதுபார்ப்பதும் கெட்டதை அப்படியே விடுவதும்தான் அரசின் சிக்கல் என்று சேர்த்தே சொன்னார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு எந்த மாற்றமும் வேண்டாம் என்பவர்களுக்கு அந்த இரண்டாவது பாதியைக் காட்ட வேண்டும்.

காவிரிக்கரை:
பேச்சில் இவற்றை யாரும் முழுசாகச் சொல்வதில்லையே? படங்களில் “வென் இன் ரோம்…” என்று நிறுத்திவிடுகிறார்கள், ‘டூ ஆஸ் தி ரோமன்ஸ் டூ’ (போன ஊரின் வழக்கப்படி நட) என்ற மீதி வருவதில்லை.

சொல்லேர்:
நான் சொல்ல வந்ததே அதுதான். “இஃப் தி கேப் ஃபிட்ஸ்…” என்று இழுத்து நிறுத்துவார்கள். ‘வேர் இட்’ என்பது வாயில் வராது. அந்தக் குறை உனக்குப் பொருந்தினால் ஏற்றுக்கொள் என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லாத பாதியில்தான் இருக்கிறது. அமெரிக்கர்கள் தொப்பிக்குப் பதில் ‘ஷூ’ என்பார்கள். வகுப்பில் ஒரு பாதியை மட்டும் பலகையில் எழுதி, யார் யாரிடம் எப்போது சொல்வார் என்று இரண்டு வரி உரையாடல் எழுதச் சொல்லுங்கள். “இஃப் யூ கான்ட் பீட் தெம்…” என்பதற்கு ஒரு பிள்ளை ‘இன்னும் கடுமையாக உழை’ என்று முடித்தால், பழமொழி பிடிபடவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அது ‘ஜாயின் தெம்’, ஜெயிக்க முடியாவிட்டால் அவர்களோடு சேர்ந்துகொள்.

கரும்பலகை:
செய்யட்டும், நல்ல பயிற்சிதான். ஆனால் அட்டவணை நடத்திய மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.