வீட்டுத்திட்டப் பட்டியல் பற்றி உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலையில் நாங்கள் ஒரு சிறிய குழு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று தரப்பும் இருக்கிறோம். அரச வீட்டுத்திட்டங்களில் வீடு பகிரும் முறை எல்லா இனத்தவருக்கும் நியாயமாக இருக்க ஒரு முன்மொழிவு எழுதுகிறோம்.

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மாவுக்கு வீட்டுத்திட்டம் பற்றி வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. வாசித்துச் சொல்ல ஆள் தேடுவதற்குள் மேன்முறையீட்டு நாள் கடந்துவிட்டது. அவர் இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார். அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஆனால் விண்ணப்பங்களுக்குப் புள்ளி எப்படிப் போட்டார்கள், யார் ஏன் விடுபட்டார்கள் என்று தெரியாமல் அந்த உரிமையை எதை வைத்துக் கேட்பது?

சிங்கப்பூரில் 1989 முதல் ஒவ்வொரு அரச அடுக்குமாடித் தொகுதிக்கும் இனவாரியாக உச்ச வரம்பு உண்டு. கலந்து வாழ வைக்கிறது, சரி. ஆனால் வரம்பு நிரம்பிய இடத்தில் சிறுபான்மையினர் வீட்டை விற்க ஆள் கிடைப்பது கஷ்டம். எண்ணிக்கையை மட்டும் நம்பி விதி எழுத எனக்குப் பயம். இங்கே காணியும் இடப்பெயர்வும் சேர்ந்தே வரும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பயனாளிகள் பட்டியல் கேட்டவர்கள் இருந்தால், கேள்வியை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் வந்ததா? பிறகு, முன்மொழிவைத் திருத்தமான சிங்களத்தில் எழுதித் தர ஒருவர் வேண்டும். மூதூர், கிண்ணியா பக்கம் என்றால் நாங்களே நேரில் வருகிறோம்.