குரோம்பேட்டை வீட்டை விற்கப் புதுப்பித்தபோது

அப்பா 1984இல் கட்டிய வீடு. விற்பதென்று அண்ணனும் நானும் முடிவு செய்ததும், "கொஞ்சம் மராமத்து பார்த்துட்டா நல்ல விலை போகும் சார்" என்றார் புரோக்கர். முதலில் கை வைத்தது சமையலறையில். கடப்பா மேடையை இடித்து மாடுலர் கிச்சன் போட்டோம். ஹாலில் மொசைக் தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். தரை உயர்ந்ததில் நாலு கதவுகளை அடியில் அறுக்க வேண்டியதாயிற்று.

வீடு பார்க்க வந்த முதல் குடும்பம் அந்தக் கிச்சனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டிலேயே நின்று, "ரோடு உசரமா இருக்கே, மழைக்குத் தண்ணி உள்ள வருமா?" என்றார்கள். சின்ன வயதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வராந்தாவுக்குப் போவோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் இரண்டு படி புதைந்தே போயிற்று. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவு வந்தபோது, எங்கள் வாசல் ஏற்கெனவே பள்ளத்தில் இருந்தது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சொன்னேன். அவர்கள் மறுபடி வரவில்லை.

வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்றார் ஒரு கான்ட்ராக்டர். விற்கப்போகிற வீட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. அதனால் கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே கால்வாய் வெட்டி, மேலே இரும்புக் கிராதி போட்டோம். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி மண் மூடிக் கிடந்தது; அதைத் தூர் வாரிக் கால்வாயை அதில் சேர்த்தோம். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் வாயை ஓர் அடி உயர்த்தினோம். ஈபி மீட்டரை மேலே ஏற்றி த்ரீ ஃபேஸ் வாங்கினோம். வந்தவர்கள் நின்று பார்த்ததும் கேட்டதும் இவற்றைத்தான்.

அடுத்தவருக்குப் பிடித்துப்போய் லோன் வரை போனார். பேங்க் இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்துவிட்டு, "மாடி ரூம் பிளான்ல இல்லையே" என்றார். அனுமதி வாங்கிய பிளானுக்கு வெளியே அப்பா பிற்பாடு கட்டியது அது. அந்த அறைக்கு மதிப்புப் போடவில்லை, லோன் குறைந்தது, அவர் விலகிவிட்டார். அந்த அறைக்குப் புது பெயின்டும் ஃபால்ஸ் சீலிங்கும் நாங்கள் போட்டிருந்தோம்! மராமத்துக்கு முன் பிளானை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

கடைசியில் வாங்கியவர் ரிட்டயரான ஒரு டீச்சரம்மா. பூஜை அறையில் மட்டும் மிச்சமிருந்த மொசைக்கைக் காலால் தடவிப் பார்த்து, "ஹால்லயும் இதுதான் இருந்துதாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"பாலிஷ் போட்டிருந்தாலே போதுமே" என்றார்.